வழிப்போக்கனின் கடன்

மதுரையிலிருந்து நத்தம் வழியாகத் துவரங்குறிச்சிக்குப் போகிற சாலையைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக இருந்தது. சாலையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஊரைப் பற்றி எழுதலாம், ஆற்றைப் பற்றி எழுதலாம். சாலை ஊருக்கும் ஊருக்கும் நடுவே கிடப்பது, அதற்கென்று ஒரு குணம் கிடையாது என்பதுதான் பொதுவான எண்ணம். என் எண்ணமும் வெகுகாலம் அதுவாகவே இருந்தது. இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் அந்தச் சாலையில் நான் செய்யாமல் விட்ட ஒரு காரியம்.

முதலில் விவரங்கள். தல்லாகுளத்தில் புறப்பட்டு நாராயணபுரம், ஐயர் பங்களா, திருப்பாலை, ஊமச்சிகுளம், சத்திரப்பட்டி என்று வடக்கே போகிறது. நத்தத்தைத் தொட்டுத் திரும்பி, துவரங்குறிச்சியில் திருச்சி நான்குவழிச் சாலையோடு சேர்கிறது. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற 44ஆம் எண் நெடுஞ்சாலை மதுரைக்கு மேற்கே போகிறது. அதன் பக்கத்தில் வைத்தால் இது ஒரு இலைக்காம்பு. மாநிலத்தின் கையில் இருந்த சாலை பிறகு தேசிய நெடுஞ்சாலை 785 ஆயிற்று. சாலைகளுக்கு உள்ள அந்தஸ்தைக் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மாநிலச் சாலைக்குப் பச்சைத் தலை, தேசியச் சாலைக்கு மஞ்சள் தலை. நத்தம் சாலையின் தலையும் மஞ்சளாயிற்று. அதோடு சாலையோரத்துப் புளியமரங்களும் போயின.

2023 ஏப்ரல் 8ஆம் தேதி, மதுரைக்குள் 7.3 கிலோமீட்டர் நீளத்தில் கட்டிய மேம்பாலத்தையும், இதே சாலையின் 24.4 கிலோமீட்டர் நான்குவழிப் பகுதியையும் பிரதமர் திறந்துவைத்தார். பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 2021 ஆகஸ்ட் 28 அன்று, அதன் ஒரு பகுதி சரிந்து விழுந்து ஒரு தொழிலாளி இறந்தார். பிழைப்புக்காக வடக்கேயிருந்து வந்தவர். இந்தத் தகவலைப் பின்னால் ஒரு இடத்தில் எனக்கு வேண்டியிருக்கும் என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இனி என் காரியம். ஒரு கார்த்திகை மாத இரவு, நத்தத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கார் என்னுடையது, ஓட்டியவனும் நான்தான். மணி பத்தைத் தாண்டியிருக்கும். பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தபோது இடது பக்கத்துச் சுவரை ஒட்டி ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒருவர் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். தலை மார்பின் மேல் கவிழ்ந்திருந்தது. குடித்திருப்பார் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வர எவ்வளவு நேரம் பிடித்தது என்று பிறகு கணக்குப் பார்த்திருக்கிறேன். என் வண்டி அவரைத் தாண்டுவதற்குள் வந்துவிட்டது. பின்னால் ஒரு லாரி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. நிறுத்தவில்லை.

தல்லாகுளத்தில் இறங்கிய பிறகு ஓரமாக நிறுத்தி 108க்குப் போன் செய்தேன். ஒரு பெண் பேசினாள்.

"எந்த இடம் சார்?"

"நத்தம் ரோடு மேம்பாலம். மேலே."

"மேலன்னா, எந்த ஊர்கிட்ட சார்? திருப்பாலையா, நாராயணபுரமா?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருஷங்களுக்கு மேலாக அந்தச் சாலையில் போய் வருகிறவன் நான். எந்த நிறுத்தத்தில் எந்தக் கடை, எந்த வளைவில் பஸ் எந்தப் பக்கம் சாயும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன். மேலே அந்தப் பெயர்கள் ஒன்றுமில்லை. விளக்குக் கம்பங்களும் சுவரும்தான் இருந்தன. நடுவில் எங்கோ என்றேன்.

"சரி சார், வண்டி அனுப்புறோம். நீங்க அவர்கூட இருக்கீங்களா?"

"இல்லை, நான் வந்துவிட்டேன்" என்றேன்.

வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். திரும்பிப் போய்ப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் பாலத்துக்குக் கீழே ஒரு டீக்கடையில் நின்று, நேற்று ராத்திரி மேலே ஏதாவது விபத்தா என்று கேட்டேன். "மேல நடக்குறது எங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றார் கடைக்காரர். அவர் கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை. நியாயமான பதில்.

நடந்தது இவ்வளவுதான். இதைவிடப் பெரிய பாவங்களை எல்லோரும் செய்திருக்கிறோம். ஆனால் என்னைத் தொந்தரவு செய்தது இதுதான்: ஒருவன் கடந்து போகிற இடத்தில் இருப்பவர்களுக்கு அவன் ஏதாவது கடன்பட்டிருக்கிறானா? வீட்டில் இருப்பவர்களுக்குக் கடன் உண்டு, ஊர்க்காரர்களுக்கு உண்டு, சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு உண்டு. வழியில் தென்படுகிறவனுக்கு? அவனோடு எனக்குள்ள ஒரே உறவு நான் அவனைத் தாண்டிப் போகிறேன் என்பதுதான். இதை உறவு என்று சொல்லலாமா?

2

முதலில் நான் பாலத்தைக் குற்றம் சொன்னேன். அதற்குப் படித்த ஆதாரமும் கையில் இருந்தது. இவான் இலிச் 1974இல் ஆற்றலையும் சமத்துவத்தையும் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். சராசரி அமெரிக்க ஆண் தன் காரை ஓட்டவும், அதற்கான பணத்தைச் சம்பாதிக்கவும், அதற்காகக் காத்துக் கிடக்கவும் வருஷத்தில் 1,600 மணி நேரம் செலவிடுகிறான், அதில் 7,500 மைல் போகிறான் என்று கணக்குப் போட்டார். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 5 மைலுக்கும் குறைவு. நடக்கிறவனின் வேகத்தைவிட ரொம்ப அதிகமில்லை. கணக்கு வேடிக்கையானது. ஆனால் அவர் அதிலிருந்து போகிற இடம் வேடிக்கையானது அல்ல. ஒரு எல்லைக்கு மேல் வேகம் என்பது ஒருவனுடைய நேரத்தை எடுத்து இன்னொருவனுக்குக் கொடுப்பதாகிவிடுகிறது என்கிறார். நத்தம் சாலையில் இது ஸ்தூலமாகத் தெரிகிறது. துவரங்குறிச்சியிலிருந்து வருகிறவனுக்குப் பத்து நிமிஷம் மிச்சம். நாராயணபுரத்தில் இருப்பவனுக்குத் தலைக்கு மேலே கான்கிரீட்.

இன்னொரு ஆதாரம் அதே காலத்தைச் சேர்ந்தது. டார்லி, பேட்ஸன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு. பிரின்ஸ்டனில் பாதிரிப் படிப்புப் படித்த மாணவர்களிடம் ஒரு சொற்பொழிவு செய்யச் சொல்லி, பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள். சிலருக்குக் கொடுத்த தலைப்பு நல்ல சமாரியன் கதை. வழியில் ஒரு வாசலில் ஒருவன் சுருண்டு கிடந்து இருமி முனகும்படி ஏற்பாடு. சிலரிடம் நேரமிருக்கிறது என்றும், சிலரிடம் சரியான நேரம் என்றும், சிலரிடம் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்றும் சொல்லியிருந்தார்கள். நாற்பது பேர். நேரமிருந்தவர்களில் 63 சதவிகிதம் பேர் உதவினார்கள். நடுவில் இருந்தவர்களில் 45. அவசரத்தில் இருந்தவர்களில் 10. எந்தத் தலைப்பில் பேசப் போகிறார்கள் என்பது சொல்லும்படியான வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. சமாரியனைப் பற்றிப் பேசப் போகிற அவசரத்தில், கிடந்தவனைத் தாண்டிப் போனவர்களும் இருந்தார்கள்.

துக்க வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த எனக்கு இது உறைத்தது. இரண்டு மணி நேரம் ஒரு மரணத்துக்காக மனம் கசிந்து உட்கார்ந்திருந்தவன் நான். அந்தக் கசிவு பாலத்தின் மேல் ஒரு பைசாவுக்குச் செல்லவில்லை.

ஆகவே குற்றம் அவசரத்தினுடையது, அவசரத்தை உண்டாக்கியது சாலை, சாலை என்னை அப்படி ஆக்கிவிட்டது என்று முடித்துக்கொள்ளலாம். சில நாள் அப்படித்தான் முடித்துவைத்திருந்தேன். ஆனால் அந்த ஆய்வை மறுபடி நினைத்துப் பார்த்தபோது பத்து சதவிகிதம் என்ற எண் இடித்தது. அவசரத்திலும் நின்றவன் ஒருவன் உண்டு. மேலும் எனக்கு அன்று அவசரம் எதுவும் இல்லை. வீட்டில் யாரும் காத்திருக்கவில்லை. எனக்கு இருந்தது வேகம் மட்டுமே. அவசரத்துக்குக் காரணம் உண்டு. வேகத்துக்கு ஒரு காரணமும் வேண்டியிருக்கவில்லை.

3

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொன்னேன். கவிதை எழுதுகிறவர். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனியில் பிறந்தவர். பழைய சாலையைப் பற்றி நான் கொஞ்சம் விஸ்தாரமாகவே பேசிவிட்டேன். புளியமர நிழல், டீக்கடை பெஞ்சு, யாரென்று தெரியாதவன்கூட எந்த ஊர் என்று கேட்டுப் பேச ஆரம்பிப்பது, இவையெல்லாம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்களுக்கு நிழல் ஞாபகம் வருது. எனக்கு டீக்கடைல தனியா வச்சிருந்த கிளாஸ் ஞாபகம் வருது. எந்த ஊர்னு கேட்டாங்கன்னு சொல்றீங்களே, அடுத்து எந்தத் தெருன்னு கேட்பாங்க. உங்ககிட்ட கேட்டிருக்க மாட்டாங்க" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. என்னிடம் கேட்டதில்லை என்பது உண்மை. கேட்காமலே தெரிந்துகொண்டிருப்பார்கள் என்பதும் உண்மை.

அவருடைய ஒரு வாக்கியம் என் கட்டுரையின் பாதியைத் தள்ளிவிட்டது. அம்பேத்கர் தம் அனுபவங்களை எழுதிய சிறு நூலில் 1901இல் நடந்த ஒரு பிரயாணம் வருகிறது. சிறுவர்கள் தகப்பனாரைப் பார்க்கக் கோரேகானுக்குப் போகிறார்கள். ஸ்டேஷனில் இறங்கியதும் ஜாதி தெரிந்துவிடுகிறது. வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டிப்புக் கூலிக்கு ஒருவன் ஒப்புக்கொள்கிறான், ஆனால் மாட்டைப் பையன்களே ஓட்ட வேண்டும், அவன் கூடவே நடந்து வருவான். இரவில் ஒரு சுங்கச் சாவடியில் நிறுத்துகிறார்கள். கையில் சாப்பாடு இருக்கிறது. குடிக்கத் தண்ணீர் இல்லை. சுங்கக்காரன் தரவில்லை. அது மெதுவான சாலைதான். மாட்டு வண்டியின் வேகம்தான். ஒவ்வொரு இடத்திலும் நின்றுதான் போனார்கள். நின்ற ஒவ்வொரு இடத்திலும் அவமானம் காத்திருந்தது. கோயிலைச் சுற்றியுள்ள சாலையில் நடப்பதற்காகவே 1924இலும் 1925இலும் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நத்தம் சாலைக்குக் கிழக்கே, மேலூர் வட்டத்தில் மேலவளவு இருக்கிறது. தனித்தொகுதியான அந்த ஊராட்சிக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று, ஊருக்குத் திரும்பும் வழியில், பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பேருந்தை நிறுத்தியவர்களுக்கு உள்ளே இருப்பவர் யார் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது. சாலையில் முகங்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்வது நல்லது என்று பேசுகிறவன் இதை மறந்துவிட்டுப் பேச முடியாது. நிற்பதில் புண்ணியமில்லை. யார் நிற்கிறான், யாருக்காக நிற்கிறான், எதற்கு நிறுத்துகிறான் என்பதைப் பொறுத்தது அது.

பாலத்தின் மேல் யாரும் யாரையும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. தலைக்கு மேலே ஓடுகிற அந்தக் கான்கிரீட்டில் ஒருவன் தன் ஊரைத் தாண்டி, தன் தெருவைத் தாண்டி, பெயரில்லாமல் மதுரைக்குள் போய் இறங்கிவிடலாம். என் நண்பருக்கு அது விடுதலை. அவர் பாலத்தில் போகும்போது அனுபவிக்கிற நிம்மதியை நான் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் கிடையாது.

ஆனால் ஒன்றை அவரும் ஒப்புக்கொண்டார். கேட்காமல் இருப்பதும் பார்க்காமல் இருப்பதும் ஒன்றாக முடியாது. பாலத்தில் இரண்டும் சேர்ந்து வருகின்றன. சுவரோரம் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தவரிடம் நான் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. எங்கே அடிபட்டிருக்கிறது என்றும் கேட்கவில்லை.

4

சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியும் மதுரைக்கு வருகிற வழியில் மாங்காட்டு மறையவன் ஒருவன் எதிர்ப்படுகிறான். கொடும்பாளூர்ப் பக்கத்தில் வழி மூன்றாகப் பிரிகிறது என்று சொல்கிறான். வலப்பக்கத்து வழி சிறுமலைப் பக்கமாகப் போகிறது. இடப்பக்கத்து வழி திருமாலிருஞ்சோலை வழியாக, அதாவது இன்றைய அழகர் மலை வழியாக. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி. சிறுமலைக்கும் அழகர் மலைக்கும் நடுவே இருக்கிற ஊர் நத்தம். அந்த நடுவழி ஏறக்குறைய நம் சாலை போகிற திக்கில்தான் போயிருக்கும் என்பது என் ஊகம். ஆராய்ச்சி முடிவாக இதைச் சொல்லவில்லை.

இடப்பக்கத்து வழியின் விசேஷம் அங்குள்ள மூன்று பொய்கைகள். ஒன்றில் மூழ்கினால் ஐந்திர இலக்கணம் தெரியும், ஒன்றில் மூழ்கினால் பழம்பிறப்பு தெரியும், இன்னொன்றில் நினைத்தது கைகூடும். கவுந்தி அதை மறுத்துவிடுகிறாள். மெய்யாக நடக்கிறவர்களுக்கு அந்தப் பொய்கைகளால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை என்பது அவள் வாதம். சமண நூல் நிலையில் நின்று மறையவனோடு அவள் செய்கிற தர்க்கம் என்று இதைப் பொதுவாகப் படிப்பதுண்டு. எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. வழியின் சிறப்பு நடக்கிறவனைச் சேராது என்கிறாள் அவள். நல்ல வழியில் போனதால் ஒருவன் நல்லவனாகிவிடுவதில்லை. அப்படியானால் மோசமான வழியில் போனதால் ஒருவன் மோசமாகிவிட்டான் என்று சொல்வதும் செல்லாது. பாலத்தின் மேல் நான் போட்ட வழக்கு கவுந்தியிடம் தள்ளுபடியாகிவிடும்.

நடுவழியில் ஒரு ஆபத்து உண்டு. அங்கே ஒரு கானுறை தெய்வம். அது துன்பம் செய்யாது, ஆனால் போகிறவர்களைத் தடுத்து நிறுத்தும். கோவலன் தண்ணீருக்காகப் பொய்கைக் கரையில் நிற்கும்போது மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவத்தில் வந்து அழுகிறது. அவன் மந்திரம் சொல்ல, அது தன்னை வெளிப்படுத்திக்கொண்டு போய்விடுகிறது. வழியில் அழுகிற முகத்தைப் பார்த்து நின்றால் ஏமாந்து போவாய் என்ற பயம் இன்று வந்ததல்ல என்று தெரிகிறது. ராத்திரியில் ரோட்டில் யாராவது கிடந்தால் நிறுத்தாதே, வழிப்பறிக்காரன் நடிப்பான் என்று என் தகப்பனார் எனக்குச் சொல்லியிருக்கிறார். நானும் என் பையனுக்குச் சொல்லியிருக்கிறேன். உதவியவன் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டும் என்ற பயம் வேறு. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் உதவுகிறவர்களைக் காக்கிற விதிகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவும் சேர்ந்தது. அன்று இரவு இந்தப் பயம் எனக்கு இருந்ததா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை. நின்றிருக்க வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் பயங்களைத் தேடிப் பொறுக்கினேன்.

இதே காப்பியத்தில் மதுரைக்கு வெளியே, புறஞ்சேரியில், மாதரி என்கிற ஆயர்குலப் பெண்ணிடம் கவுந்தி கண்ணகியை அடைக்கலமாகத் தருகிறாள். நகரத்துக்குள் அரசன் இருக்கிறான், நீதிமன்றம் இருக்கிறது, அங்கே கோவலன் கொல்லப்படுகிறான். வழியோரத்தில், ஊர் ஆரம்பிப்பதற்கு முன்னால் இருக்கிற இடத்தில், அவர்களுக்கு ஒரு வீடும் சோறும் கிடைக்கிறது. போய்ச் சேர்ந்த இடம் கைவிட்டது. வழியில் இருந்தவள் கைவிடவில்லை. மதுரையின் ஆதிக் கதையே இப்படி இருக்கிறது என்பதை நாம் போதுமான அளவு யோசித்ததில்லை.

5

கடைசியாக ஒரு கல்லைப் பற்றி. சுமைதாங்கி என்பது பழைய சாலைகளில் எங்கும் இருந்தது. இரண்டு கற்களை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல் சுமையை அதன் மேல் தள்ளி இறக்கலாம். திரும்ப ஏற்றிக்கொள்ளவும் இன்னொருவர் கை வேண்டியதில்லை. கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நட்டுவைப்பது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழியில் வருகிற எவரோ ஒருவர் தன் சுமையை இறக்கி வைக்கட்டும் என்பது அதன் பொருள். மங்கம்மாள் (1689 முதல் 1706 வரை ஆண்டவள்) பெயரில் இன்றும் சாலை இருக்கிறது, மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் இருக்கிறது. அரசிகள் சத்திரம் கட்டினார்கள். பெயர் தெரியாத குடும்பங்கள் சுமைதாங்கி நட்டன. சத்திரத்தில் பந்தி உண்டு, பந்தி என்றால் யார் எங்கே உட்காருவது என்ற கேள்வி உண்டு. சுமைதாங்கிக்கு அது கிடையாது. கல் எந்த ஊர் என்று கேட்பதில்லை.

என் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தக் கல்லுல யார் சுமையெல்லாம் இறக்க விட்டாங்கன்னு நமக்குத் தெரியுமா?" என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். என்றாலும் கல்லை நினைத்துவைத்தவரின் மனதில் இருந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வரப்போகிறவர் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. நன்றியை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் அந்த ஆளின் தலை எந்த உயரத்தில் இருக்கும் என்று மட்டும் யோசித்திருக்கிறார். வழியில் வருகிறவரோடு நமக்குள்ள உறவு என்ன என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான்: அவரது பெயரும் குலமும் எனக்கு வேண்டாம், அவரது கழுத்து எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரிந்தால் போதும். பழைய சாலை அவரை விசாரித்தது. புதிய பாலம் அவரைப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் வெளியே இப்படி ஒரு கல் இருந்திருக்கிறது.

பாலம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பாலம் கட்டும்போது இறந்த தொழிலாளிக்கு அங்கே ஒரு கல் இருப்பதாக நான் பார்த்ததில்லை. அவர் பெயரில் ஒரு இடம், வண்டியை ஓரமாக நிறுத்த இரண்டு கார் அகலத்துக்கு, ஒரு குழாயும் ஒரு விளக்கும், கீழே எந்த ஊர் என்று எழுதிய ஒரு பலகையும் இருந்திருக்கலாம். பொறியாளர்கள் இதற்குச் சிரிக்கலாம். சுமைதாங்கியை நட்டவரையும் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் அப்படி ஒரு இடம் இருந்திருந்தால் நான் நின்றிருப்பேன் என்று எழுதினால் அது பொய்யாக இருக்கக்கூடும். கவுந்தி அதை விடமாட்டாள். 108 என்பதும் ஒரு வகையில் சுமைதாங்கிதான். 2008 முதல் இங்கே இருக்கிறது, கேட்காமல் வருகிறது. நான் என் சுமையை அதன் மேல் இறக்கி வைத்தேன். அந்த ஆளின் சுமையை அல்ல. அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான், நீங்கள் அவரோடு இருக்கிறீர்களா என்று. வழிப்போக்கனிடம் கேட்கத்தக்க கேள்வி வேறு எதுவும் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. வந்துவிட்டேன் என்று சொன்னேன். எங்கே வந்துவிட்டேன் என்று அவள் கேட்கவில்லை.

இப்போது பாலத்தில் போகும்போது கீழே இருக்கிற ஊர்களின் பெயர்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டு போகிறேன். நாராயணபுரம், ஐயர் பங்களா, திருப்பாலை. சில தடவை தப்பாகிவிடுகிறது. வேண்டுமென்றே கீழ்ச்சாலையில் போய் அடுத்த தடவைக்குச் சரிசெய்துகொள்கிறேன். அன்று சுவரோரம் உட்கார்ந்திருந்தவருக்கு இதனால் ஒரு உபயோகமும் இல்லை.